அடுத்த பிள்ளைக்கும் வருமா? உசிலம்பட்டி அண்ணனுக்கு

அண்ணே, அக்கா மகளைக் கட்டியிருக்கீங்க, ஏழு வயசுப் பையனுக்கு வளர்ச்சி ஹார்மோனும் தைராய்டும் சேர்ந்தே குறைவு, அடுத்த பிள்ளைக்கும் வருமான்னு கேட்டிருக்கீங்க. எங்க வீட்லயும் இதே கதைதான். மூணு வருஷமா மகளுக்கு ஒரே அளவுச் செருப்பு. திருமங்கலத்துச் செருப்புக்கடைக்காரர் சொல்லித்தான் எங்களுக்கே உறைச்சுச்சு.

வளர்ச்சி ஹார்மோன் மட்டும் குறைஞ்சா ஜிஹெச்1, ஜிஹெச்ஆர்ஹெச்ஆர்னு வேற மரபணுக்களைப் பார்ப்பாங்க. ரெண்டும் சேர்ந்து குறைஞ்சா முதல்ல சந்தேகப்படுறது பிராப்1. மூளைக்கு அடியில இருக்கிற பிட்யூட்டரி சுரப்பி உருவாகும்போது செல்களுக்கு வேலை பிரிச்சுக் கொடுக்கிற மரபணு அது. அந்த மரபணுவுல பழுது ஒரு பக்கம் மட்டும் வந்தா ஒண்ணும் தெரியாது. அப்பா, அம்மா ரெண்டு பேர்கிட்ட இருந்தும் வந்தாத்தான் நோய். அப்படின்னா ஒவ்வொரு கர்ப்பத்துக்கும் 25 சதவீத வாய்ப்பு. முதல் பிள்ளைக்கு வந்துருச்சு, அடுத்த மூணும் தப்பிச்சிரும்னு கணக்குப் போடாதீங்க. ஒவ்வொரு தடவையும் சீட்டைப் புதுசாத்தான் குலுக்குறாங்க. முதல்ல பையனுக்கு மரபணுச் சோதனை, அப்புறம் உங்க ரெண்டு பேருக்கும்.

உங்க அம்மா மருமகளைக் குறை சொல்றாங்களாமே, அது அவங்க பேத்தியும்தானே! ஒரே வீட்டுப் பழுதுதான் ரெண்டு பக்கமும் வந்திருக்கும்.

ஒண்ணை மட்டும் விட்றாதீங்க. தைராய்டுக்கான தைராக்சின் மருந்து தொடங்கும் முன்னாடி, நோய் நொடியைத் தாங்க உடம்புக்கு வேண்டிய கார்டிசால் ஹார்மோனைப் பார்த்தாங்களான்னு கேளுங்க. பிராப்1-ல அது பல வருஷம் கழிச்சும் குறையலாம். காய்ச்சல், வாந்தியோட பையன் துவண்டு படுத்தா உடனே ஆஸ்பத்திரி.

வளர்ச்சி ஹார்மோன் ஊசிமருந்தை ஃப்ரிட்ஜ்ல இட்லி மாவுக்குப் பக்கத்துல வைங்க, ஃப்ரீசர்ல வேண்டாம், உறைஞ்சா வீண்.