அப்பாவோடு உட்கார்ந்து ‘ஷெர்ரிபேபி’ பார்க்கலாமா?

போதைக்கான சிகிச்சை முடிந்து அப்பா வீடு திரும்பியிருக்கிறார், அவரோடு சேர்ந்து ‘ஷெர்ரிபேபி’ படத்தைப் பார்த்தால் அவருக்கு ஊக்கமாக இருக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். நீங்கள் பாருங்கள். அவர் தன் நினைவில் இல்லாத காலத்தில் உங்களை வளர்த்தது யாரோ, அவரையும் பார்க்கச் சொல்லுங்கள். அப்பாவை இப்போது அந்தப் படத்தின் முன்னால் உட்கார வைக்காதீர்கள்.

படத்தில் படுக்கையறைக் காட்சிகள் உண்டு, குடும்பத்தோடு பார்க்க முடியாது என்பது ஒரு பக்கம். அதைவிடப் பெரிய காரணம், படத்தின் நாயகி ஷெர்ரி மீண்டும் போதைக்குப் போகிற பகுதி. மீண்டு வந்த புதிதில் பழைய பொருளையோ, பழைய இடத்தையோ, பழைய நண்பனையோ பார்த்தாலே உடம்பு கேட்க ஆரம்பித்துவிடும். என் அப்பா பல வருடங்கள் சிகரெட் பெட்டிக்குள் இருக்கும் வெள்ளித்தாளைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். பிரவுன் சுகர் என்கிற மட்டமான ஹெராயினை அந்தத் தாளில் வைத்துத்தான் கொளுத்துவார்கள்.

தெரியாதவர்களுக்காகக் கதை: 2006-இல் வந்த அமெரிக்கப் படம். லாரி காலியர் எழுதி இயக்கியது. ஷெர்ரி என்ற இளம் தாய் ஹெராயினுக்கு அடிமையாகி, சிறைக்குப் போய், மூன்று வருடம் கழித்து நியூ ஜெர்சிக்குத் திரும்புகிறாள். அவளுடைய சின்னப் பெண்ணை அதுவரை வளர்த்தவர்கள் ஷெர்ரியின் சகோதரனும் அவன் மனைவி லினெட்டும். மகளைத் திரும்ப அடைய ஷெர்ரி படும் பாடுதான் படம். ஷெர்ரியாக நடித்த மேகி கில்லன்ஹாலின் பெயர் அதற்காக கோல்டன் குளோப் பரிந்துரைப் பட்டியலில் வந்தது. அவளுக்குத் துணை நிற்கும், தானும் போதையிலிருந்து மீண்ட மனிதராக வரும் டேனி ட்ரெஹோ நிஜ வாழ்க்கையிலும் ஹெராயினையும் சிறையையும் தாண்டி வந்தவர். அவர் பேசும் இடங்களில் நடிப்பு என்றே தோன்றாது.

இந்தப் படத்தைப் பார்க்கிற பாதிப் பேர் லினெட்டைத் திட்டுகிறார்கள். பெற்றவளிடமிருந்து பிள்ளையைப் பிரிக்கிறாளாம், கல்மனசாம். இதைக் கேட்டால் எனக்கு ஆத்திரம் வருகிறது. ஏனென்றால் லினெட்டின் இடத்தில் இருந்த ஒருத்தியிடம்தான் நான் வளர்ந்தேன்.

எங்கள் வீடு காசிமேட்டில். அப்பாவுக்குத் துறைமுகத்தில் சரக்கு ஏற்றி இறக்குகிற வேலை. தொண்ணூறுகளில் பிரவுன் சுகரில் ஆரம்பித்து ஊசிக்குப் போனார். அம்மா அவரையும் கவனித்துக்கொண்டு தையல் கம்பெனிக்கும் போக வேண்டியிருந்ததால், எனக்கு விவரம் தெரிவதற்கு முன்பே என்னைத் தண்டையார்பேட்டையில் பெரியம்மா வீட்டில் விட்டுவிட்டார். பள்ளிக்கூடத்தில் சேர்த்தது, காய்ச்சலில் விழித்திருந்தது, ரேங்க் கார்டில் கையெழுத்துப் போட்டது எல்லாம் பெரியம்மா, பெரியப்பா.

நான் ஏழாவது படிக்கும்போது அப்பா சிகிச்சைக்குப் போய்த் தெளிந்து வந்தார். சில மாதங்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை புது ஸ்கூல் பையோடு பெரியம்மா வீட்டு வாசலில் நின்றார். “அக்கா, என் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகிறேன்” என்றார். பெரியம்மா அவரை உட்காரச் சொல்லி, டீ கொடுத்து, அவர் குடித்து முடிக்கும்வரை ஒன்றும் பேசவில்லை. பிறகு சொன்னார்: “தம்பி, பிள்ளையைப் பார்க்க எப்போது வேண்டுமானாலும் வாருங்கள். சாப்பிட்டுவிட்டுப் போங்கள். கூட்டிக்கொண்டு போகிற பேச்சு மட்டும் இப்போது வேண்டாம். முதலில் காலையில் அவளைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விடுங்கள். அதை ஒரு நாள் தவறாமல் செய்யுங்கள், பார்ப்போம்.”

அந்தத் தெருவே பெரியம்மாவைப் பேசியது. சொந்தப் பிள்ளை இல்லாததால் தங்கை பிள்ளையைப் பிடித்து வைத்துக்கொண்டாள் என்றார்கள். அம்மாவே கொஞ்ச நாள் கோபத்தில் பேசாமல் இருந்தார். பெரியம்மா அசையவில்லை. அப்பாவும், அவருக்கு இருந்த கோபத்தை அடக்கிக்கொண்டு, காலையில் வந்து நின்றார். மழையிலும் வந்தார். சம்பள நாளில் அம்மா துறைமுக வாசலுக்கே போய்க் கவரை வாங்கிக்கொள்வது என்று ஏற்பாடு. அதற்கும் அப்பா சம்மதித்தார். நான் நிரந்தரமாகக் காசிமேட்டுக்குத் திரும்பியபோது பத்தாவது முடித்திருந்தேன். இதைத் தாமதம் என்று சொல்பவர்கள் சொல்லட்டும். நடுவில் அவர் ஒருமுறை சறுக்கியபோது அதைப் பார்க்காத தூரத்தில் நான் இருந்தேன். அது பெரியம்மா எனக்குக் கொடுத்த பாதுகாப்பு.

ஷெர்ரி செய்ய முடியாமல் தவிப்பது இந்தக் காத்திருப்பைத்தான். வெளியே வந்த உடனே முழு அம்மாவாகிவிட வேண்டும் என்று துடிக்கிறாள். கெட்டவள் இல்லை, பாசம் பொங்குகிறது, பொறுமை இல்லை. அவளுடைய சொந்த வீட்டுக்குள்ளேயே இருக்கும் ஒரு பழைய கொடுமையைப் படம் காட்டும்போது, அவள் ஏன் இப்படி ஆனாள் என்பதும் புரிகிறது. கடைசியில் மகளைத் திரும்பக் கொண்டுவந்து விட்டு, சகோதரனிடம் உதவி கேட்கிறாளே, அதுதான் படத்தில் அவள் செய்யும் முதல் தாய்க்காரியம் என்பேன். கட்டிப்பிடித்து அழுதால் எல்லாம் சரியாகிவிடும் என்று முடிக்காததற்காகவே இயக்குநரைக் கும்பிடலாம்.

அமெரிக்கக் கதைக்கும் காசிமேட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று யாராவது எழுதுவார்கள். ஷெர்ரி சிறையிலேயே பழக்கத்தை விட்டுவிட்டு வருகிறாள். என் அப்பா மாத்திரையின் துணையோடு விட்டார். அது ஒன்றுதான் பெரிய வித்தியாசம். அதைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் அப்பாவும் அந்த மாத்திரையில் இருக்கலாம்.

புப்ரெனார்ஃபின் என்று பெயர். அரசு எய்ட்ஸ் தடுப்புத் திட்டத்தின் கீழ், போதையை ஊசியில் ஏற்றிக்கொள்பவர்களுக்கு இலவசமாகத் தருகிறார்கள். தினமும் நேரில் போக வேண்டும். மாத்திரையைப் பொடித்து நாக்குக்கு அடியில் போடுவார் நர்ஸ். கரையும்வரை வாயைத் திறக்கக் கூடாது, எச்சில் விழுங்கக் கூடாது, பேசவும் கூடாது. பிறகு வாயைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பார். விடுமுறை நாட்களில் நானும் கூடப் போவேன். பேச முடியாத அந்தச் சில நிமிடங்களில் அப்பா என் கணக்கு நோட்டை வாங்கிப் புரட்டுவார். தப்பான விடையின் மேல் விரலை வைத்து என்னைப் பார்ப்பார்.

இந்த இடத்தில் கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டைப் பற்றிச் சொல்லாமல் போக மாட்டேன். மையம் கேட்டுக்கு அந்தப் பக்கம். துறைமுகத்துக்குப் போகும் சரக்கு ரயில் வந்தால் கேட் மூடும். ஒன்று போனால் அடுத்தது. பள்ளிப் பிள்ளைகள், கர்ப்பிணிகள், ஆம்புலன்ஸ் எல்லாம் வெயிலில் நிற்கும். சில நாள் நாங்கள் போய்ச் சேர்வதற்குள் மையத்தில் பூட்டு. மாத்திரை கிடைக்காவிட்டால் மறுநாள் அப்பாவுக்குக் கொட்டாவியும் கண்ணீரும் மூக்கொழுகலும் தொடங்கிவிடும். முதுகும் காலும் முறித்துப் போட்ட மாதிரி வலிக்கும்.  

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஒரு போதையை விட்டு இன்னொரு போதையைப் பிடித்துக்கொண்டார் என்று எங்கள் உறவினர்கள் பேசாத பேச்சு இல்லை. உங்களிடமும் பேசுவார்கள். நான் மருத்துவர் இல்லை, மருத்துவர்கள் எங்களுக்கு விளக்கியதைச் சொல்கிறேன்: அந்த மருந்தின் வேலை ஓர் அளவுக்கு மேல் ஏறாது, நெடுநேரம் நிற்கும், வலியையும் ஏக்கத்தையும் பிடித்து வைக்கும். மனிதர் வேலைக்குப் போகலாம். உலக சுகாதார நிறுவனம் 2005-இலேயே அதை அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் சேர்த்துவிட்டது. எல்லோருக்கும் இதுதான் வழி என்று நான் சொல்லவில்லை. மாத்திரை இல்லாமல் மீண்டவர்களையும் தெரியும்.

ஒன்றை மட்டும் வீட்டில் எல்லோரும் தெரிந்து வைத்திருங்கள். சில வாரம் விட்டிருந்தாலே உடம்பு பழைய அளவைத் தாங்காது. சறுக்கும்போது பழைய அளவையே எடுப்பவர்கள்தான் மூச்சு நின்று போகிறார்கள். அதனால் சறுக்கியதை உங்களிடம் சொல்லும் தைரியம் அவருக்கு இருக்கும்படி வீட்டை வைத்துக்கொள்ளுங்கள். யாரிடம் கேட்பது என்று தெரியாவிட்டால் 14446 என்ற இலவச எண் இருக்கிறது. போலீஸ் பயத்தில் சிகிச்சையைத் தள்ளிப்போடும் குடும்பங்கள் எங்கள் பக்கம் நிறைய. பயன்படுத்தியதற்காகவோ சிறு அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்கு இருந்தாலும், தானாக முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட இடத்தில் சிகிச்சை எடுப்பவருக்குப் போதைப்பொருள் சட்டத்தின் 64-ஏ பிரிவு பாதுகாப்புத் தருகிறது.

படத்தைப் பெரியம்மாவோடு பார்த்தேன். சில காட்சிகளை ஓட்டிவிட்டு, வசனத்தை நானே தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். லினெட் வரும் இடங்களிலெல்லாம் நிமிர்ந்து உட்கார்ந்தார். உங்களை வளர்த்தவர் பாட்டியோ அத்தையோ, அவரை அழைத்து உட்கார வைத்துப் பாருங்கள். அப்பா என்ன படம் என்று கேட்டால் மறைக்காமல் சொல்லுங்கள். வேண்டும்போது அவரே கேட்டுப் பார்த்துக்கொள்வார். மாத்திரையை நிறுத்தச் சொல்லிப் புத்தி சொல்ல வரும் உறவினர்களை மட்டும் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.