வாசகர் கேள்வி – பதில்: தேநீரின் சுவையை எப்படிச் சொல்வது?

கேள்வி: வெளிநாட்டிலிருந்து வந்த என் மகன் எர்ல் கிரே, மல்லிகைத் தேநீர், எலுமிச்சைப்புல், செம்பருத்தி எனப் பல பொட்டலங்களைக் கொண்டுவந்தான். எதைக் குடித்தாலும் 'நன்றாக இருக்கிறது' என்பதற்கு மேல் எனக்குச் சொல்ல வரவில்லை. வேறுபாட்டை அறிவது எப்படி? எங்கள் வீட்டில் பால் சேர்க்காத தேநீரின் மேல் ஆடை படிவது ஏன்?
– ஒரு வாசகி, குடியாத்தம்

பதில்: ஆடையை முதலில் பார்த்துவிடுவோம், ஏனெனில் நம் வேலூர்ப் பக்கத்தில் தேநீரைக் கெடுப்பது பெரும்பாலும் தண்ணீர்தான். ஆழ்துளைக் கிணற்று நீரிலுள்ள சுண்ணச் சத்து, தேயிலையின் துவர்ப்புப் பொருள்களோடு காற்றுப்பட்டுச் சேரும்போது அந்தப் படலம் உண்டாகிறது. கூடவே மணமும் மங்கிவிடுகிறது. எலுமிச்சைச் சாறு விட்டால் படலம் கட்டாது என்றாலும், சுவை பார்க்கும்போது அது குறுக்கே நிற்கும். ஆகவே காவிரிக் குடிநீரோ கேன் தண்ணீரோ, ஏதேனும் ஒன்றை எல்லாக் கோப்பைகளுக்கும் பயன்படுத்துங்கள்.

அளவும் ஒன்றாக இருக்கட்டும். ஒப்பிட்டுச் சுவைப்பதற்கென 1980-இல் வெளியான பன்னாட்டுத் தர நெறி, 100 மில்லி கொதிநீருக்கு 2 கிராம் தேயிலை, 6 நிமிடம் என்கிறது. அது குடிப்பதற்கான பக்குவம் அன்று. பச்சைத் தேயிலையை அப்படி ஊறவைத்தால் வாயில் வைக்க முடியாது, அதற்கு 80 டிகிரிச் சூடும் இரண்டு மூன்று நிமிடமும் போதும். பாலிலுள்ள புரதம் துவர்ப்பை மறைத்துவிடும் என்பதால் பாலைத் தவிர்த்துவிடுங்கள், சர்க்கரையும் வேண்டாம்.

இனிச் சுவைக்கும் முறை. ஊறிய இலையை முதலில் முகர்ந்து, பிறகு ஒரு வாய் சத்தமாக உறிஞ்சி (விருந்தினர் முன் வேண்டாம்), விழுங்கியதும் மூக்கு வழியாக மூச்சை விடுங்கள். அப்போது மூக்கு சொல்வதையும் நாக்கு சொல்வதையும் தனித்தனியே குறித்துக்கொள்ள வேண்டும். எலுமிச்சைப்புல் இதற்கு நல்ல பாடம்: எலுமிச்சைத் தோலிலுள்ள அதே சிட்ரல் அதிலும் இருப்பதால் மூக்கு எலுமிச்சை என்கிறது, ஆனால் நாக்கில் புளிப்பே இராது. செம்பருத்தியோ நேர் எதிர். நாக்கு கூசும் அளவுக்குப் புளிப்பு, மணம் சொற்பம். எர்ல் கிரேயில் மேலெழும் நாரத்தை இனத்து மணம் பெர்கமோட் எண்ணெயுடையது. அடியில் இருப்பது வெறும் தேயிலையே. கைப்பையும் துவர்ப்பையும் ஒன்றாக எழுதிவிடாதீர்கள். நாவற்பழம் தின்றதுபோல் வாய் உலர்ந்து இழுத்தால் அது துவர்ப்பு. 'மல்லிகை மணம் முந்துகிறது, நடுவில் லேசான கைப்பு, விழுங்கிய பின் துவர்ப்பு நிற்கிறது' என எழுதினாலே நல்ல குறிப்புதான்.

கேள்வி: வீட்டுச் செம்பருத்திப் பூவைக் கொதிக்க வைத்தால் கடைத் தேநீர்போல் ஏன் புளிப்பதில்லை?
– ஒரு வாசகர், ஆரணி

பதில்: இரண்டும் வேறு செடிகள். கடையில் கிடைப்பது பெரும்பாலும் புளிச்சகீரை இனத்தைச் சேர்ந்த ரோசெல் செடியில், பூ உதிர்ந்தபின் காயைச் சுற்றித் தடித்து நிற்கும் சிவந்த புல்லிதழ். அதில் இயல்பாகவே அமிலம் மிகுதி. நம் வீட்டுப் பூவின் இதழுக்கு அந்தப் புளிப்பு கிடையாது. எலுமிச்சை பிழிந்தால் சாறு பளிச்சென்று சிவக்கும், ஆனால் அப்போது புளிப்பது எலுமிச்சைதான்.