கேள்வி: சூடு ஏறினால் தண்ணீர் இலேசாகும் என்கிறார்கள். அப்படியென்றால் கொழும்பின் வெதுவெதுப்பான கடல் நீர் ஏன் ஆற்று நீருக்கு மேலே மிதக்காமல் அடியில் போகிறது?

உப்புத்தான் காரணம். சூடு இலேசாக்குகிறது என்பது சரி. ஆனால் உப்பு பாரமாக்கும் அளவுக்கு முன்னால் அது மிகச் சிறியது.

ஒரு லீட்டர் நன்னீர் 4 பாகை செல்சியஸில் 1000 கிராம் இருக்கும். தண்ணீர் மிகப் பாரமாக இருப்பது அந்த இடத்தில்தான். அதையே நம் ஊர்ச் சூடான 30 பாகைக்குக் கொண்டுவந்தால் லீட்டர் 995.7 கிராம். 26 பாகை ஏறியும் குறைந்தது நாலு கிராம் சொச்சம்தான்! அதே 30 பாகையில், கிலோவுக்கு 35 கிராம் உப்புள்ள கடல் நீர் ஒரு லீட்டரை நிறுத்தால் 1022 கிராம் அளவில் நிற்கும். லீட்டருக்கு ஒரு தேக்கரண்டி உப்புப் போட்டாலே அந்த 26 பாகைச் சூடு ஈடாகிவிடும்.

ஏன் இப்படி? சூடு ஏறினால் மூலக்கூறுகள் கூடுதலாக ஆடி, கொஞ்சம் விலகி நிற்கின்றன, அவ்வளவுதான். உப்பு அப்படியில்லை. கரைந்த உப்பின் அயன்கள், அதாவது மின்னேற்றமுள்ள துணிக்கைகள், தண்ணீர் மூலக்கூறுகளைத் தம் பக்கம் இறுக்கி இழுத்துக்கொள்ளும். அதனால் 35 கிராம் உப்பு சேர்ந்தும் கனவளவு கூடுவது சுமார் 10 மில்லிலீட்டர்தான். பாரம் நிறையச் சேர்கிறது, இடம் கொஞ்சமே பிடிக்கிறது.

நான் வெள்ளவத்தையில் சாதாரண தரப் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். இந்தப் பாடத்துக்கு முதலில் கணக்கு எழுதுவதில்லை. உயரமான கிளாஸ் ஒன்றில் குளிர்சாதனப் பெட்டித் தண்ணீரைப் பாதிக்கு ஊற்றி வைப்பேன். இன்னொரு கோப்பையில் கை பொறுக்கும் சூட்டில் கொஞ்சம் பிளேன்டீ எடுத்து, இரண்டு தேக்கரண்டி உப்பைக் கரைப்பேன். பிறகு அதை ஒரு ஸ்ட்ரோ வழியாகக் குளிர்நீரின் அடியில் மெதுவாக விடுவேன். "சூடானது மேலே வரும் சேர்" என்று எல்லாரும் அடித்துச் சொல்வார்கள். சிவப்புச் சாயம் அடியிலேயே படுத்துக் கிடக்கும். அந்த நேரம் வகுப்பில் விழும் அமைதி எனக்கு அவ்வளவு பிடிக்கும். நீங்களும் செய்து பாருங்கள், ஊற்றும்போது மட்டும் அவசரப்படாதீர்கள்.

இதே காட்சிதான் களனி கங்கை கடலில் விழும் இடத்திலும் நடக்கிறது. முகத்துவாரத்தில் வள்ளம் வைத்திருக்கும் என் மாமா பள்ளிக்கூடப் பக்கம் அதிகம் போனவரில்லை. ஆனாலும் "மேலால ஆறு வெளிய போகும் தம்பி, அடியால கடல் உள்ள வரும்" என்று ஒரே வரியில் சொல்லிவிடுவார். நம் கரையில் வற்றுப் பெருக்கின் ஏற்றஇறக்கம் ஒரு மீட்டருக்கும் குறைவு. இரண்டு நீரையும் கலக்கிவிட அது போதாது. அதனால் கடல் நீர் ஆப்பு மாதிரி ஆற்றின் அடித்தளத்தோடு உள்ளே நுழைகிறது. வரட்சியில் ஆற்றின் ஓட்டம் குறைந்தால் அது இன்னும் மேலே ஏறும். மணல் அள்ளி ஆற்றின் அடி ஆழமானதும் அதற்கு வழிவிட்டது. கொழும்புக்குக் குடிநீர் எடுக்கும் அம்பத்தலையில் உவர்நீரை மறிக்கத் தடுப்பு கட்ட வேண்டி வந்தது இதனால்தான். மணல் அள்ளுவதை வெறும் கரையரிப்புப் பிரச்சினையாக மட்டும் பேசுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது. அது நம் குழாய்த் தண்ணீரின் கதையும்தான்.

அப்ப சூட்டுக்கு வேலையே இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. ஆற்று வாயில் உப்பு பூச்சியத்திலிருந்து 35 வரை மாறுகிறது, ஆகவே அங்கே உப்பு ஜெயிக்கிறது. நடுக்கடலில் மேலேயும் கீழேயும் உப்பின் அளவு பெரிதாக வேறுபடாது, ஆகவே அங்கே சூடும் குளிரும்தான் அடுக்குகளைத் தீர்மானிக்கின்றன. காலிமுகத்திடலில் காலை நனைக்கும் தண்ணீர் 28, 29 பாகை இருக்கும். அதே சமுத்திரத்தில் மூன்று, நான்கு கிலோமீட்டர் ஆழத்தில் 2 பாகை அளவுதான். தென்துருவத்துப் பக்கம் குளிர்ந்து பாரமாகி மூழ்கிய நீர், அடியோடு மெல்ல ஊர்ந்து நம் பக்கம்வரை வந்து கிடக்கிறது.