நீங்க முன்னாடி போங்க

அன்புள்ள ஐயா,

எனக்கு 54 வயது. திருவானைக்காவலிலிருந்து ஞாயிறுதோறும் பத்துப் பேர் சைக்கிளில் காவிரிக் கரையோடு கல்லணை வரை போய்வருகிறோம். ஆற்றைப் பார்த்துக்கொண்டே மெதுவாகப் போகலாம் என்று தொடங்கியதுதான். இப்போது எல்லோரும் கைபேசியில் வேகக் கணக்குப் பார்க்கிறார்கள். உத்தமர்சீலி வருவதற்குள் நான் தனியாகிவிடுகிறேன். "நீங்க முன்னாடி போங்க, நான் வந்துடறேன்" என்று நானே சொல்லிவிடுவேன். கியர் சைக்கிள் வாங்கினால் சரியாகுமா? இல்லை, குழுவுக்குப் பாரமாக இருக்காமல் நின்றுவிடலாமா? ஹெல்மெட், சீட் உயரம் பற்றியும் சொல்லுங்கள்.

ம., திருச்சி

அன்புள்ள ம.,

ஹெல்மெட் போடுங்கள், அதில் பேச ஒன்றுமில்லை. சீட் உயரத்தைக் கடைக்காரரே உங்களை ஏற்றி உட்காரவைத்துச் சரிசெய்து தருவார். கியர் சைக்கிள் உங்கள் பணம், உங்கள் இஷ்டம்.

நான் பதில் எழுத உட்கார்ந்தது அந்த ஒரு வரிக்காக. "நீங்க முன்னாடி போங்க, நான் வந்துடறேன்." இரண்டு மாதமாக இதே வரி என் காதில் கிடக்கிறது.

கல்லூரியில் படிக்கும்போது ஒரு ஆடி மாதம், ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது என்று ஐந்து பேர் கிளம்பி, நீங்கள் போகும் அதே சாலையில் கல்லணை போய், அங்கிருந்து கோவிலடி, திருக்காட்டுப்பள்ளி வழியாகத் திருவையாறு வரை சைக்கிளில் போனோம். என் நண்பன் ஒருவனுடையது அவன் அப்பா பால் ஊற்றப் போகிற வண்டி. கேரியரின் இரண்டு பக்கமும் கேன் மாட்டுகிற கொக்கி, இடது பெடலில் கட்டை தேய்ந்து விழுந்து வெறும் இரும்புத் தண்டு மட்டும். போகும்போது ஒன்றும் தெரியவில்லை. ஆடியில் மேல்காற்றுதானே, முதுகில் கைவைத்துத் தள்ளிக்கொண்டுபோய் விட்டுவிட்டது. படித்துறை படித்துறையாக நின்று குளித்துவிட்டுத்தான் போனோம். திரும்பும்போதுதான் அந்தக் காற்று முகத்தில் அடித்தது. கரையோரம் வாழை இலையெல்லாம் நார்நாராகக் கிழிந்து எங்களைப் பார்த்தே வீசிக்கொண்டிருந்தது. திருக்காட்டுப்பள்ளி தாண்டியதும் அவன் சொன்னான், நீங்க போங்கடா, நான் வந்துடறேன் என்று. நாங்கள் போய்விட்டோம். எட்டு மணிக்கு வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அவன் வந்தபோது நடுராத்திரி தாண்டிவிட்டது. கோவிலடிக்குப் பக்கத்தில் பஞ்சராகி, கடையெல்லாம் சாத்திவிட்டதால் தள்ளிக்கொண்டே வந்திருக்கிறான். மறுநாள் கேட்டதற்கு "செம காத்துடா" என்றான், அவ்வளவுதான். அதற்கப்புறம் எங்களோடு எங்கேயும் சைக்கிளில் வரவில்லை.

இரண்டு மாதம் முன்பு ஒரு கல்யாணத்தில் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தான். பேச்சு எப்படியோ அங்கே போய்விட்டது. இலையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "கோவிலடி வரைக்கும் ஒவ்வொரு வளைவுலயும் நிப்பீங்கன்னு பாத்தேன்டா."

நீங்களும் வளைவுக்கு வளைவு பார்க்கிறீர்கள், இல்லையா? அப்படியானால் எதற்கம்மா அந்தப் பொய்? எனக்குக் கோபம் உங்கள் மேலும்தான். அவர்கள் கேட்பதற்கு முன்பே விடுதலைப் பத்திரம் எழுதிக் கையில் கொடுத்துவிட்டு, அப்புறம் வீட்டுக்கு வந்து பாரம் கீரம் என்று எனக்குக் கடிதம் எழுதுகிறீர்கள். பாரம் என்ற சொல்லை முதலில் தூக்கி எறியுங்கள். கேரியரில் வைத்துக் கட்டுவதுதான் பாரம். நீங்கள் உங்கள் காலால் மிதித்துப் போகிறவர்.

அவர்களுக்கும் சொல்கிறேன், இதைக் காட்டுங்கள். எதிர்காற்றில் முன்னால் போகிறவன்தான் காற்றை உடைக்கிறான். அவன் பின்சக்கரத்துக்கு ஒரு கஜம் பின்னால் ஒட்டிவருகிறவருக்குப் சிரமம் நன்றாகக் குறைந்துவிடும், மிதித்துப் பார்த்த எவருக்கும் இது தெரியும். கூட்டமாகப் போவதில் இருக்கும் பெரிய லாபமே அதுதான். வலுவுள்ள ஒன்பது பேரும் சேர்ந்து ஓடிவிட்டு, இருப்பதிலேயே வலுக்குறைந்தவரை முழுக் காற்றுக்கும் தனியாகக் கொடுத்துவிட்டுப் போவது என்ன கணக்கு? அவர் பின்தங்குவதற்கு அவர் வயது பாதிக் காரணம் என்றால், நீங்கள் விட்டுவிட்டுப் போனது மீதிக் காரணம். போகும்போது அவரை முன்னால் விட்டு அவர் வேகத்தில் போங்கள். திரும்பும்போது வலுவானவர் முன்னால், அவருக்கு நேர் பின்னால் இவர். கடைசியில் பம்பும் பஞ்சர் சாமானும் வைத்திருக்கிற ஒருவர். என் தாத்தா திருவிழாவுக்கு வண்டி கட்டிக்கொண்டு போகும்போதும் நோஞ்சான் மாடு பூட்டிய வண்டியைத்தான் முன்னே விடுவார்.

அப்புறம் அந்த வேகக் கணக்கு. எந்த ஆற்றங்கரையில் பார்க்கிறார்கள்? 2022இல் மேட்டூர் அணையை மே 24 அன்று திறந்தார்கள், கல்லணையைத் திறந்தது மே 27. நடுவில் மூன்று நாள், ஆற்றுக்கே அவசரமில்லை. காய்ந்த ஆற்றில் முதல் தண்ணீர் வருவதை நின்று பார்த்திருக்கிறீர்களா? முதலில் மணல் குடிக்கும். மாட்டுக் குளம்புத் தடம் ஒவ்வொன்றாக நிறைந்து வழிந்தால்தான் அடுத்த அடிக்கு நகரும். நுரையும் சருகும் முன்னால் தள்ளிக்கொண்டு வர, பையன்கள் அதைப் பார்த்தபடியே பின்பக்கமாக நடந்து வருவார்கள்.

கியர் சைக்கிளா என்று கேட்டிருந்தீர்கள். இருக்கிற வண்டியே போதும் என்றுதான் தோன்றுகிறது, செயினுக்கு எண்ணெய் விடுங்கள்.

இது ஆடி. வரும் ஞாயிறும் திரும்பும்போது காற்று எதிரில்தான் இருக்கும். கல்லணையில் டீ குடிக்கும்போதே, வண்டியை எடுப்பதற்கு முன்னால், இன்றைக்கு என் முன்னால் யார் வருகிறீர்கள் என்று கேட்டுவிடுங்கள். யார் கை தூக்கினார்கள் என்று எனக்கு எழுதுங்கள்.