முதலில் இரண்டு நூல்களின் கடைசிப் பக்கத்தையும் பாருங்கள்

கேள்வி: கொக்குவிலைச் சேர்ந்த நாங்கள் மூவர், டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற பாத்திரமேற்று ஆடும் கதை விளையாட்டின் ஐந்தாம் பதிப்பு விதிகளை வைத்து, ஓஜிஎல் 1.0ஏ என்ற திறந்த விளையாட்டு உரிமத்தின் கீழ் தமிழில் மூன்று விளையாட்டு நூல்கள் வெளியிட்டோம். ஒரே மந்திரத்துக்கு நூலுக்கு நூல் வேறு பெயர் வந்துவிட்டது. அதனால் மற்ற வெளியீட்டாளர்கள் வைத்த பெயர்களையும் பார்த்து, 64 மந்திரங்களுக்குப் பொதுப் பெயர்ப்பட்டியல் ஒன்று செய்து மூன்றாம் நூலின் பின்னிணைப்பில் போட்டோம். எங்களிடமிருந்து பிரிந்துபோன நண்பர் அந்தப் பெயர்களை அப்படியே தன் நூலில் போட்டு, நல்லூர்த் திருவிழாக் காலத்தில் விற்றிருக்கிறார். எங்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. கேட்டதற்கு முகநூலில் நக்கல். இரண்டு வருட உழைப்பு, ஐயா. கோரிக்கைக் கடிதம் அனுப்பி நட்டஈடு கேட்கலாமா?

பதில்: நட்பையும் நக்கலையும் இரண்டு வருடத்தையும் ஒரு பக்கம் வையுங்கள். உங்களுக்கு வழக்கு உண்டா இல்லையா என்பது ஒரே விடயத்தில் தங்கியிருக்கிறது: நண்பரின் நூலின் கடைசிப் பக்கத்தில் எந்த உரிமம் அச்சாகியிருக்கிறது?

காரணம், இரண்டு மூன்று சொல்லில் வரும் ஒரு மந்திரப் பெயருக்குப் பதிப்புரிமை என்று ஒன்று கிடையாது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் எழுத்தாக்கத்தைப் பாதுகாக்கிறது. எண்ணத்தையும் முறையையும் அதன் 8ஆம் பிரிவு வெளியே தள்ளிவிடுகிறது. ஆகவே உங்கள் பெயர்களுக்கு ஏதும் காவல் இருந்தால் அது ஒப்பந்தக் காவல்தான். பிறர் தமக்கென ஒதுக்கிய உள்ளடக்கத்தைத் தொடமாட்டேன் என்று ஓஜிஎல்லின் 7ஆம் பந்தியில் கொடுக்கும் வாக்கு அது. அந்த உரிமத்தை ஏற்றவரை மட்டுமே அது கட்டும். விளையாட்டின் வெளியீட்டாளரான விசார்ட்ஸ் ஒஃப் த கோஸ்ட் நிறுவனம், பிறர் பயன்படுத்தத் திறந்துவிட்ட விதித் தொகுப்பு எஸ்ஆர்டி. 2023 ஜனவரியில் அதன் 5.1ஆம் பதிப்பை, மூலத்தைக் குறிப்பிட்டால் யாரும் பயன்படுத்தலாம் என்ற கிரியேட்டிவ் கொமன்ஸ் பை 4.0 உரிமத்திலும் அந்த நிறுவனம் வெளியிட்டது. நண்பர் விதிகளை அதிலிருந்து எடுத்து, ஓஜிஎல்லைத் தொடாமல் விட்டிருந்தால், அவர் உங்களுக்கு எந்த வாக்கும் கொடுக்கவில்லை. பெயர்களைப் பொறுத்தவரை விடயம் அதோடு சரி.

அவரும் ஓஜிஎல்தான் போட்டிருக்கிறார் என்றால் அடுத்து உங்கள் சொந்த அறிவிப்புப் பக்கத்தைப் பாருங்கள். 'மந்திர அத்தியாயமும் பின்னிணைப்பும் முழுவதும் திறந்த உள்ளடக்கம்' என்ற வழமையான ஒரு வரி அங்கே இருந்தால், பெயர்களை நீங்களே தாரைவார்த்துவிட்டீர்கள். ஒதுக்கியிருந்தாலும் முழுதாக நிற்காது. ஓஜிஎல்லின் வரைவிலக்கணத்தில் மொழிபெயர்ப்பும் திறந்த உள்ளடக்கத்துக்குள் அடக்கம். எஸ்ஆர்டியின் 'ஆசிட் அரோ'வை 'அமில அம்பு' என்று நேரே பெயர்த்துவிட்டு, அது என்னுடையது என்று ஒதுக்க முடியாது. 64இல் நீங்களாகப் புனைந்தவை எத்தனை? அவற்றைப் பற்றி மட்டும் பேசலாம். மந்திர விளக்கங்களின் தமிழாக்கத்தையும் அவர் எடுத்திருந்தால், 15ஆம் பந்தியில் உங்கள் நூலின் பதிப்புரிமை வரியைச் சேர்க்க வேண்டிய கடமை அவருக்கு உண்டு. அது ஒரு மின்னஞ்சலில் தீர்கிற சங்கதி.

இனி நான் உண்மையில் பயப்படுவது. கட்சிக்காரர்கள் விழும் குழி நண்பரின் நூலில் இல்லை, உங்கள் பின்னிணைப்பில் இருக்கிறது. பெயர்களை ஒன்றாக்குபவர்கள் எல்லோரும் செய்வது இது: இடப்பக்க நிரலில் எல்லோருக்கும் தெரிந்த பழைய பெயர், வலப்பக்க நிரலில் புதுப் பெயர். 'மெல்ஃபின்', 'பிக்பியின்', 'மோர்டென்கைனனின்' என்று தொடங்கும் பெயர்கள் வாசகனுக்கு உதவிதான். ஆனால் அந்த மந்திரவாதிகளின் பெயர்களை நீக்கித்தான் விசார்ட்ஸ் எஸ்ஆர்டியைத் திறந்துவிட்டது. அவற்றை ஓஜிஎல் நூலுக்குள் அச்சிடுவது நேரடியாக 7ஆம் பந்தி மீறல். தமிழ் எழுத்தில் எழுதியதால் தப்பலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். தப்ப முடியாது. மற்ற வெளியீட்டாளர்களின் பெயர்களையும் 'பார்த்து' எடுத்ததாக எழுதியிருக்கிறீர்கள். அவர்களில் யாராவது மந்திரப் பெயர்களை ஒதுக்கியிருந்தால் அதுவும் இன்னொரு மீறல். ஒதுக்காமல் திறந்து விட்டிருந்தால், அவர்களுடைய 15ஆம் பந்தி வரிகள் எழுத்துப் பிசகாமல் உங்கள் நூலில் இருக்க வேண்டும். இருக்கின்றனவா? பெரும்பாலான நூல்களில் சொந்த வரி மட்டுமே இருக்கும்.

இந்த நிலையில் கோரிக்கைக் கடிதம் அனுப்பினால் என்ன நடக்கும்? அவருடைய சட்டத்தரணி முதலில் திறப்பது உங்கள் மூன்றாம் நூலைத்தான். பதிலில் உங்கள் மீறல்களைப் பட்டியலிடுவார். 13ஆம் பந்தியின்படி, மீறல் தெரியவந்து 30 நாளுக்குள் திருத்தாவிட்டால் உரிமம் தானாகவே முடிந்துவிடும். அந்தப் பதில் உங்கள் கைக்கு வந்த நாள்தான், உங்களுக்குத் தெரியவந்த நாள் என்பதற்கு எழுத்துச் சாட்சி. பிடிஎஃப்பை ஒரு நாளில் திருத்தலாம். அச்சடித்துக் கடைகளில் கிடக்கும் பிரதிகளை என்ன செய்வீர்கள்? அவர் அதே பட்டியலை விற்பனைத் தளத்துக்கும் அனுப்பினால், விளக்கம் சொல்லும் வேலையும் உங்கள் தலையில். ஆப்பிழுத்த குரங்கின் கதைதான். பதிப்புரிமை வழக்கு என்று போனால் யாழ்ப்பாணத்தில் முடியாது, கொழும்பு வர்த்தக மேல் நீதிமன்றத்துக்குப் போகவேண்டும். ஒவ்வொரு தவணைக்கும் ஆகும் செலவை, நூல் விற்ற காசோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

கடிதத்துக்கு முன் பின்னிணைப்பைத் திருத்துங்கள். இடப்பக்க நிரலில் எஸ்ஆர்டியின் பெயரும் பதிப்பு எண்ணும் மட்டும் நிற்கட்டும். பதிப்பு எண் கட்டாயம், ஏனென்றால் எஸ்ஆர்டிகளே ஒத்துப்போவதில்லை. 3.5இல் 'மேஜஸ் சோர்ட்', 5.1இல் 'ஆர்கேன் சோர்ட்'. 3.5இல் 'மஜிக் ஓரா', 5.1இல் 'ஆர்கனிஸ்ட்ஸ் மஜிக் ஓரா'. 3.5இல் ஐந்து தனி மந்திரமாக இருந்த கைகள் 5.1இல் ஒரே 'ஆர்கேன் ஹாண்ட்'. இதைக் கவனிக்காமல் ஒன்றுக்கு ஒன்று என்று பொருத்தினால் பெயர் சரியாக இருக்கும், விதி தவறாக இருக்கும். உரிமத்தின் ஆங்கில மூலத்தை முழுதாகச் சேருங்கள். 10ஆம் பந்தி கேட்பது உரிமத்தின் பிரதியை. தமிழாக்கம் மட்டும் போட்டால் அது பிரதி ஆகாது. அச்சுப் பிரதிகளில் பின்னிணைப்புத் தாளை எடுத்துவிட்டுத் திருத்திய தாளை ஒட்டியபின் விற்பனைக்கு விடுங்கள்.

அதன் பிறகு நண்பரோடு சமாதானமாகப் போங்கள். நட்டஈட்டுப் பேச்சு வேண்டாம். ஒரு பக்க உடன்படிக்கை, எல்லோரின் கையொப்பத்தோடு: பெயர்ப்பட்டியலை இரு தரப்பும் தனி ஆவணமாகக் கிரியேட்டிவ் கொமன்ஸ் பை 4.0இல் வெளியிடுவது, அதிலுள்ள எந்தப் பெயரையும் பின்னர் யாரும் ஒதுக்கிக்கொள்ளாதிருப்பது, அடுத்த அச்சில் அவர் உங்கள் மூவரின் பெயரையும் போடுவது, இரு பக்கத்திலும் இதுவரை விற்றவை பற்றிக் கேள்வி இல்லை. காவல் வேண்டுமென்றால் நூல்வரிசையின் தலைப்பையும் நீங்கள் புனைந்த ஊர், பாத்திரப் பெயர்களையும் ஒதுக்குங்கள். முகநூல் பதிவை நீக்கச் சொல்லி ஒரு வாசகம் சேர்க்க விரும்பினால் சேருங்கள். அதற்காக உடன்படிக்கையை முறித்துக்கொள்ளாதீர்கள்.