பேனரில் ‘ரீயூனியன்’ வேண்டாம் என்றால் என்ன போடுவது?

கேள்வி: 1998இல் பிளஸ் டூ முடித்த எங்கள் செட் மே மாதம் ஏற்காட்டில் கூடுகிறோம். பேனரில் ‘ரீயூனியன்’ என்று போடாமல் தமிழில் போட ஆசை. ஒருவர் ‘மறுகூடல்’ என்கிறார், இன்னொருவர் ‘சங்கமம்’ என்கிறார். எது பொருந்தும்? ரீயூனியன் எங்கிருந்து வந்தது?
– வாசகர், அஸ்தம்பட்டி, சேலம்

பதில்: மறுகூடலை முதலில் தள்ளிவிடுங்கள். இலக்கணப்படி தப்பில்லை. ஆனால் பேனர் கடையில் ஒரு ‘ட்’ கூடிவிட்டால் அது மறுகூட்டல். மார்க் குறைந்து விண்ணப்பம் போட்டவர்களுக்கு அந்த ஞாபகம் இப்போது எதற்கு? இன்னொரு சங்கடமும் உண்டு. கூடல் என்பது மதுரையின் பழம்பெயர்தான். ஆனால் ஊடலோடு சேர்த்துச் சொல்லும்போது அது காதலர் விவகாரம். திருக்குறளின் கடைசிக் குறளே ஊடிக் கூடுவதைப் பற்றியது. உங்கள் தமிழாசிரியர் விழாவுக்கு வந்தால் உள்ளுக்குள் சிரிப்பார்.

சங்கமம் வடசொல், ஒன்றாகச் சேர்தல் என்று பொருள். பவானிக்குப் போயிருப்பீர்கள். காவிரியும் பவானியும் சேரும் இடம் கூடுதுறை, அங்கே கோயில் கொண்டிருப்பவர் சங்கமேஸ்வரர். தமிழ்ச் சொல்லும் வடசொல்லும் ஒரே கரையில்! ஆனால் அந்த ஆறுகள் முன்பு ஒன்றாக இருந்து பிரிந்தவை இல்லையே. சங்கமத்தில் ‘திரும்பவும்’ என்ற பொருள் கிடையாது. கேட்க அழகு, அவ்வளவுதான்.

ரீயூனியனில் அந்தப் பொருள் முன்னொட்டிலேயே இருக்கிறது. ‘ரீ’ என்றால் மீண்டும். ‘யூனியன்’ லத்தீனில் ஒன்று எனப் பொருள்படும் ‘ஊனுஸ்’ வழி வந்தது. ஆங்கிலத்துக்குப் பிரெஞ்சு மூலமாக வந்த சொல் இது. வேடிக்கை என்னவென்றால், இன்றைய பிரெஞ்சில் ‘ரெயூனியோன்’ என்றால் சாதாரண அலுவலகக் கூட்டம்கூட. தமிழர்கள் கரும்புத் தோட்ட வேலைக்குப் போன ரீயூனியன் தீவின் பெயரும் இதுதான். பூர்போன் என்றிருந்த அத்தீவுக்கு 1793இல், பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் இப்பெயர் வைத்தார்கள்.

சரி, பேனருக்கு வருவோம். ‘மீள்சந்திப்பு’ அரசாணை வாடை அடிக்கும். இலங்கைத் தமிழர் புழங்கும் ‘ஒன்றுகூடல்’ நல்ல சொல், ‘ஊனுஸ்’ கூட அதில் இருக்கிறது; ஆனால் அதிலும் ‘மீண்டும்’ இல்லை. ஒரே சொல்லுக்குள் எல்லாவற்றையும் அடைக்க வேண்டும் என்று யார் சொன்னது? ‘மீண்டும் கூடுகிறோம்’ என்று பெரிய எழுத்தில் போடுங்கள். கீழே ‘1998 பிளஸ் டூ மாணவர் சந்திப்பு’. மாணவருக்கும் சந்திப்புக்கும் நடுவே ‘ச்’ வராது. அச்சுக்குப் போகும் முன் அதை மட்டும் பார்த்துவிடுங்கள்.