எக்ஸெல் ஃபார்முலா தகராறு: கேளுங்க, தெரிஞ்சதைச் சொல்றேன்

வணக்கம். திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனி கணக்குப் பிரிவுல 22 வருஷமா குப்பை கொட்டுறேன். இன்னிக்கு ஞாயித்துக்கிழமை, சமையல் வீட்டுக்காரர் பொறுப்பு. மத்தியானம் வரைக்கும் எக்ஸெல் ஃபார்முலா பிரச்சினை எதுவானாலும் கேளுங்க. மேக்ரோ, டாலி ரெண்டும் வேண்டாம். செல்லுல என்ன பிழை வருதோ அதை அப்படியே எழுதுங்க. ஃபங்ஷன் பெயரையெல்லாம் தமிழ்ல எழுதுறேன், தட்டும்போது இங்கிலீஷ்ல தட்டிக்கோங்க.

திண்டுக்கல், மொத்த மளிகை: அக்கா, சரக்கு கோடு (குறியீடு) வச்சு, இன்னொரு ஷீட்டுல தேடி விலை எடுக்கற வி-லுக்கப் போட்டேன். பாதிக்கு விலை வருது, மீதிக்கு #என்/ஏ. கோடு ரெண்டு ஷீட்டுலயும் ஒரே மாதிரிதான் இருக்கு.

பதில்: கண்ணை நம்பாதீங்க தம்பி. #என்/ஏன்னா "தேடினேன், கிடைக்கல"ன்னு அர்த்தம், வேற ஒண்ணுமில்ல. காலி செல்லுல =லென்(ஏ2) போடுங்க. உங்க கோடு அஞ்சு எழுத்துன்னா 5 வரணும். 6 வந்தா பின்னாடி ஒரு ஸ்பேஸ் ஒளிஞ்சிருக்கு. பில்லிங் சாஃப்ட்வேர்ல இருந்து இறக்கின ஷீட்டுன்னா முக்கால்வாசி இதுதான். =டிரிம்(ஏ2) போட்டா போயிடும்.

டிரிம் போட்டும் 6 காட்டினா, அது சாதா ஸ்பேஸ் இல்ல. இணையப் பக்கத்துல இருந்து காப்பி பண்ணினா ஒட்டிக்கிட்டு வர்ற 160-ஆம் நம்பர் ஸ்பேஸ். டிரிம் அதைத் தொடாது. =சப்ஸ்டிட்யூட்(ஏ2,கேர்(160),"") போட்டுத் துடைக்கணும். கேர்னா கேரக்டர்ங்கறதோட முதல் நாலு எழுத்து.

லென் ரெண்டு பக்கமும் ஒண்ணுதான்னா அடுத்த சந்தேகம்: ஒரு ஷீட்டுல 1023 எண்ணா இருக்கு, இன்னொண்ணுல எழுத்தா இருக்கு. =இஸ்நம்பர்(ஏ2) போட்டா ட்ரூ, ஃபால்ஸ்னு உண்மையைச் சொல்லிடும். தேடுறது எண், பட்டியல்ல எழுத்துன்னா ஏ2-க்குப் பதிலா ஏ2&"" கொடுங்க.

ஒண்ணு முக்கியம். வி-லுக்கப் கடைசியில 0 போட்டீங்களா? போடலைன்னா விலை வந்த அந்தப் பாதியையும் நம்பாதீங்க. 0 இல்லாம விட்டா அது "ஏறக்குறைய" பொருத்தம் தேடும், பட்டியல் வரிசைப்படி இல்லைன்னா வாய்க்கு வந்த விலையைச் சொல்லும். பிழையே காட்டாது.

மதுரை, கேட்டரிங்: மேடம், செலவு முழுக்க டைப் பண்ணி கீழ சம் போட்டா 0 வருது. ஆனா =சி2+சி3 போட்டா சரியா வருது. மண்டை காயுது.

பதில்: உங்க எண்கள் எல்லாம் எழுத்தா உட்கார்ந்திருக்கு. சம் எழுத்தைக் கண்டா பேசாம தாண்டிப் போயிடும். கூட்டல் குறி அப்படி இல்ல, எழுத்தா இருந்தாலும் எண்ணா மாத்திக் கூட்டப் பார்க்கும். அதான் வித்தியாசம். செல்லோட இடது மேல் மூலையில பச்சை முக்கோணம் தெரியுதா பாருங்க. காலத்தை (மேலிருந்து கீழ போற வரிசையை) தேர்ந்தெடுத்து டேட்டா, டெக்ஸ்ட் டு காலம்ஸ், உடனே ஃபினிஷ். அவ்வளவுதான்.

"ரூ.1,500"ன்னு டைப் பண்ணியிருந்தா கூட்டல் குறியும் கைவிரிச்சு #வேல்யூ! காட்டும். ஃபைண்ட்-ரீப்ளேஸ்ல "ரூ."ங்கறதை மொத்தமா எடுங்க. புள்ளியைத் தனியா எடுத்தா பைசாப் புள்ளியும் சேர்ந்து போயிடும், 12.50 ரூபா தக்காளி 1250 ஆயிடும்.

கரூர்: செல் முழுக்க ##### வருது.

பதில்: காலத்தை அகலமாக்குங்க. அப்பவும் போகலைன்னா தேதிக் கழித்தல் மைனஸ்ல போயிருக்கு.

தஞ்சாவூர், சங்கப் பொருளாளர்: உறுப்பினர் பெயர் தமிழில். பெயரை வைத்துச் சந்தா தேடினால் சிலருக்கு #என்/ஏ. லென், டிரிம் எல்லாம் பார்த்துவிட்டேன்.

பதில்: ஐயா, ரொம்ப நாளா யாராவது கேட்க மாட்டாங்களான்னு இருந்த கேள்வி இது. மூணு இடத்துல பாருங்க.

முதல்ல, பழைய பட்டியல் பாமினி மாதிரி எழுத்துருவுல அடிச்சதா? ஒரு செல்லைத் தேர்ந்தெடுத்து எழுத்துருவை ஏரியலுக்கு மாத்துங்க. தமிழ் மறைஞ்சு இங்கிலீஷ் எழுத்தா கொட்டினா, உள்ள இருக்கறது தமிழே இல்ல, தமிழ் வேஷம். யூனிகோடுக்கு மாத்தின பிறகுதான் தேட முடியும்.

ரெண்டாவது, மாத்தும்போது வர்ற வினை. பழைய எழுத்துருவுல "ரி" அடிக்கத் துணைக்காலையும் கொக்கியையும் சேர்த்தே பல பேர் அடிச்சாங்க. அது யூனிகோடுல "ாி"ன்னு வந்து நிக்கும். "மாரி", "மாாி" ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாருங்க, பல எழுத்துருவுல வித்தியாசமே தெரியாது. ரெண்டுக்கும் லென் 4-தான் வரும், அதான் உங்க கண்ணுல படல. ஃபைண்ட்-ரீப்ளேஸ்ல "ாி"யை "ரி"யா மாத்துங்க, "ாீ"யையும் விடாதீங்க.

மூணாவது ஔவையார். ஒரே எழுத்தா "ஔ" அடிச்சவங்க இருப்பாங்க, "ஒ" போட்டுப் பக்கத்துல "ள" போட்டவங்களும் இருப்பாங்க.

லட்சுமி, இலட்சுமி, லக்ஷ்மியை எக்ஸெல் தீர்க்காது. உறுப்பினர் எண் கொடுத்து அதை வச்சுத் தேடுங்க.

பெயர் சொல்லாதவர்: ஃபார்முலா ஒர்க் ஆகல. ப்ளீஸ் ஹெல்ப்.

பதில்: எந்த ஃபார்முலா, என்ன பிழை?

சேலம், ஆடிட்டர் ஆபீஸ்: மேடம், எதுக்கு இவ்வளவு பாடு? பிழை வந்தா அதுக்குப் பதிலா நாம சொல்றதைக் காட்டற இஃப்-எரர் போட்டு 0 இல்ல காலின்னு கொடுத்துட்டா ஷீட் பளிச்னு இருக்கும். நாங்க எல்லாத்துக்கும் அதான் போடுறோம்.

பதில்: வந்துட்டீங்களா! காலையில இருந்து இதுக்குத்தான் பயந்துட்டு இருந்தேன்.

எங்க கம்பெனியில எனக்கு முன்னாடி சம்பளக் கணக்கு பார்த்தவர் ஷீட்டுல ஷிப்ட் ரேட்டுக்கு =இஃப்எரர்(வி-லுக்கப்(...),0) போட்டு வச்சிருந்தார். புதுசா சேர்ந்த மூணு டைலருக்கு ரேட் பட்டியல்ல பேர் ஏறல. #என்/ஏ வர வேண்டிய இடத்துல 0 வந்துச்சு. நூத்துச் சொச்சம் பேர் இருக்கற ஷீட்டுல மூணு பூஜ்யம் யார் கண்ணுல படும்? மொத்தத் தொகை பார்க்க நியாயமாவே இருந்துச்சு. சனிக்கிழமை சாயங்காலம் ஓவர்லாக் அடிக்கிற பொண்ணு ஒண்ணு கவரைப் பிரிச்சுப் பார்த்துட்டு என் டேபிள் முன்னாடி வந்து நின்னுச்சு. அந்த வாரம் தினமும் ஒன்றரை ஷிப்ட் பார்த்த பொண்ணு. அந்த மொகத்தைப் பார்த்த பிறகு இஃப்-எரர்ல 0 போடுறதை விட்டுட்டேன்.

சேலம், ஆடிட்டர் ஆபீஸ்: அது பட்டியலைச் சரியா வைக்காத தப்பு, ஃபார்முலா தப்பு இல்ல. க்ளையன்ட் கிட்ட #என்/ஏ நிறைஞ்ச ஷீட்டை நீட்டினா நம்ம மானம்தான் போகும்.

பதில்: பட்டியல் சரியில்லைன்னு சொல்லத்தானே அந்த #என்/ஏ வருது? அதோட வாயைப் பொத்திட்டா யார் சொல்லுவா? இஃப்-எரர் #என்/ஏவை மட்டும் மறைக்கறதில்ல. #ரெஃப்!, #நேம்?, #டிவ்/0! எல்லாத்தையும் ஒரே போர்வையில மூடிடும். ஃபங்ஷன் பேரைத் தப்பா அடிச்சாக்கூட 0-தான் வரும். மறைச்சே ஆகணும்னா #என்/ஏவை மட்டும் மறைக்கற இஃப்-என்ஏ போடுங்க, அதுலயும் 0 வேண்டாம், "பட்டியல்ல இல்லை"ன்னு எழுத்தா போடுங்க.

சண்டை அப்புறம். மத்தவங்க காத்திருக்காங்க.

நெல்லை: வி-லுக்கப்ல #என்/ஏ வருது அக்கா.

பதில்: திண்டுக்கல் தம்பிக்குச் சொன்னது.

கோவை, சின்ன லேத் பட்டறை: பேங்க் ஸ்டேட்மென்ட் சிஎஸ்வி இறக்கினேன். சில தேதி இடது பக்கம், சில தேதி வலது பக்கம் ஒட்டி நிக்குது. மாசவாரியா கூட்டினா கணக்கு உதைக்குது.

பதில்: இடது வலதைக் கவனிச்சீங்க பாருங்க, பாதி வேலை முடிஞ்சுது. உங்க கம்ப்யூட்டர் அமெரிக்க முறையில இருக்கு, அதாவது மாசம் முதல்ல, தேதி அப்புறம். பேங்க் கொடுக்கறது நம்ம முறை. 25/08/2024-ஐப் பார்த்ததும் எக்ஸெல் "25-ஆவது மாசம் ஏது?"ன்னு எழுத்தாவே விட்டுட்டு இடது பக்கம் ஒட்டிடுச்சு. அது நல்ல பிள்ளை.

ஆபத்து வலது பக்கம் நிக்கறது. 05/08/2024 ஆகஸ்ட் 5. அதை மே 8-ன்னு எடுத்துக்கிட்டுச் சரியான தேதி மாதிரியே நிக்குது. ஒவ்வொரு மாசமும் முதல் 12 நாள் கணக்கு இப்படி வேற வேற மாசத்துக்குச் சிதறிப் போயிருக்கும். மாறிப்போன செல்லைத் திருத்திட்டு உட்காராதீங்க. ஃபைலைத் திரும்ப இறக்கி, டபுள் க்ளிக் பண்ணாம டேட்டா மெனுவுல டெக்ஸ்ட்/சிஎஸ்வி வழியா உள்ள கொண்டு வாங்க, தேதிக் காலத்துக்கு நாள்-மாதம்-வருடம்னு சொல்லுங்க. கையோட விண்டோஸ்ல ரீஜனை இந்தியான்னு மாத்திடுங்க.

ஈரோடு, ஜவுளி: ஜிஎஸ்டி பில்லில் ஒரு பைசா இடிக்கிறது.

பதில்: 437.50-க்கு 9 சதவீதம் 39.375. செல்லுல 39.38-ன்னு தெரியும், உள்ள 39.375-தான் இருக்கு. அப்படி ரெண்டு வரி கூட்டினா எக்ஸெல் 78.75 சொல்லும், கால்குலேட்டர்ல தட்டறவர் 78.76 சொல்லுவார். ஃபார்மட் கண்ணுக்கு மட்டும்தான். =ரவுண்ட்(சி2*9%,2)ன்னு ஒவ்வொரு வரியிலும் போடுங்க.

காரைக்குடி: குடும்ப வம்சாவளி எழுதுகிறேன். கொள்ளுத்தாத்தா பிறந்தது 1896. வயது கணக்கிட்டால் #வேல்யூ!.

பதில்: எக்ஸெலுக்கு உலகம் பிறந்தது 1900 ஜனவரி 1. அதுக்கு முன்னாடி தேதி எது கொடுத்தாலும் வெறும் எழுத்து. நாள், மாசம், வருஷத்தைத் தனித்தனிக் காலமா வச்சுக்கோங்க, இல்லைன்னா லிப்ரே ஆபீஸ் கால்க்ல போடுங்க, அது பழைய தேதியும் வாங்கிக்கும்.

கேட்டதால ஒரு வேடிக்கை. ஒரு செல்லுல 60-ன்னு அடிச்சு அதைத் தேதி ஃபார்மட்டுக்கு மாத்துங்க. 1900 பிப்ரவரி 29-ன்னு வரும். அப்படி ஒரு நாளே கிடையாது, 1900 லீப் வருஷம் இல்ல. எக்ஸெலுக்கு முன்னாடி கோலோச்சின லோட்டஸ் 1-2-3ங்கற ஷீட் சாஃப்ட்வேர்ல இருந்த தப்பு. அந்த ஷீட்டெல்லாம் இதுலயும் ஒத்துப் போகணும்னு தெரிஞ்சே வச்சுக்கிட்டாங்க.

தர்மபுரி: எண்ணை மாத்தினாலும் டோட்டல் அப்படியே நிக்குது.

பதில்: ஃபார்முலாஸ், கால்குலேஷன் ஆப்ஷன்ஸ். மேனுவல்னு இருக்கும், ஆட்டோமேட்டிக் ஆக்குங்க. நீங்க தொடாமலே மாறியிருக்கும். காலையில முதல்ல திறந்த ஃபைல் மேனுவல்ல இருந்தா, அப்புறம் திறக்கறதும் அதே வழிதான்.

விழுப்புரம்: 16 இலக்க அக்கவுண்ட் நம்பர் அடித்தால் கடைசி இலக்கம் 0 ஆகிறது.

பதில்: எக்ஸெல் 15 இலக்கம்தான் வச்சுக்கும். போன இலக்கம் திரும்ப வராது, பாஸ்புக்கைப் பார்த்துத்தான் அடிக்கணும். முதல்ல காலத்தை டெக்ஸ்ட் ஆக்கிட்டு அடிங்க. அக்கவுண்ட் நம்பரை யாரும் கூட்டிக் கழிக்கப் போறதில்ல, எழுத்தா இருந்தா என்ன?

ஓசூர்: டாலியில இருந்து ரிப்போர்ட்...

பதில்: முதல் பத்தி.

திருச்சி, எம்.காம். மாணவி: சேலம் சாருக்கு ஒரு செய்தி. ரெய்ன்ஹார்ட், ரோகாஃப் என்று இரண்டு பொருளாதார அறிஞர்கள் 2010இல் அரசுக் கடன் பற்றி எழுதிய கட்டுரை உலகம் முழுக்க மேற்கோள் காட்டப்பட்டது. 2013இல் தாமஸ் ஹெர்ன்டன் என்ற மாணவர் அவர்கள் ஷீட்டை வாங்கிப் பார்த்தால், சராசரி எடுத்த ஃபார்முலா 49-ஆம் வரிக்குப் பதில் 44-ஆம் வரியோடு நின்றிருந்தது. ஐந்து நாடுகள் விட்டுப்போயின.

சேலம், ஆடிட்டர் ஆபீஸ்: அதுல இஃப்-எரர் எங்க இருக்கு? எனக்குச் சாதகமான உதாரணம் அது. பிழைச் செய்தியை நம்பிட்டு இருந்தாலும் தப்பு வரும்னுதானே ஆகுது?

பதில்: பாயின்ட் அவருக்குத்தான், ஒத்துக்கறேன். எக்ஸெல் எல்லாத் தப்பையும் காட்டாது. பிரிட்டன்ல 2020-ல பழைய எக்ஸ்எல்எஸ் ஃபைல்ல 65,536 வரிக்கு மேல கொள்ளாம 15,841 கொரோனா கேஸ் கணக்குல சேராமப் போச்சு. அங்கயும் ஒரு சிவப்பு எழுத்துகூட வரல. அதனாலதான் சொல்றேன், அது காட்டறதே கொஞ்சம், அதையும் நாம மூடணுமா?

மாணவிக்கு ஒரு பாடம். நீளமான ஃபார்முலாவுல எந்தத் துண்டு கெட்டதுன்னு பார்க்க, ஃபார்முலா பார்ல அந்தத் துண்டை மட்டும் தேர்ந்தெடுத்து எஃப்9 அழுத்தும்மா. விடை அங்கயே வரும். பார்த்துட்டு எஸ்கேப் அழுத்தணும். என்டர் தட்டினா ஃபார்முலா போய் அந்த எண்ணே உட்கார்ந்துக்கும்.

வேலூர்: ஒரு காலத்தை டெலீட் பண்ணினேன், எல்லா இடத்திலும் #ரெஃப்!.

பதில்: கன்ட்ரோல் இசட். சேவ் பண்ணி மூடிட்டீங்கன்னா பழைய காப்பியைத் தேடுங்க. காலத்தைத் திரும்பப் போட்டாலும் #ரெஃப்! ஆறாது.

கடலூர்: மேடம் வி-லுக்கப் #என்/ஏ எப்படி சரி பண்றது?

பதில்: மேல போங்க. லென். டிரிம். இஸ்நம்பர். கடைசியில 0. இதுக்கு மேல யாராவது வி-லுக்கப்னா நான் சமையலுக்கே போயிடறேன்.

சேலம், ஆடிட்டர் ஆபீஸ்: கடைசியா ஒண்ணு. க்ளையன்ட்டுக்குப் பிரின்ட் கொடுக்கணும், அதுல #என்/ஏ இருக்கக் கூடாது. அதுக்கு என்ன பண்ணச் சொல்றீங்க?

பதில்: பேஜ் செட்டப், ஷீட் டேப், அதுல செல் எரர்ஸ்னு ஒரு கட்டம் இருக்கும். ப்ளாங்க்னு வைங்க. திரையில #என்/ஏ உங்களுக்குத் தெரியும், பேப்பர்ல காலியா வரும்.

சேலம், ஆடிட்டர் ஆபீஸ்: இது எங்க இருந்துச்சு இத்தனை நாளா?

பதில்: அங்கயேதான் இருந்துச்சு. சாப்பாடு ரெடின்னு குரல் வருது, வர்றேன்.